கவிழ்ந்த காய்

சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு நரைகூடக் கிடையாது. இதை வைத்தே அந்த மாடியில் எல்லோரும் கேலி பேசுவார்கள்.

கோவையில் சிங்காநல்லூர் பக்கம், மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி. அங்கே போர் விளையாட்டுகள் செய்தார்கள். கணினியில் ஆடுவது. ஒரு பக்கம் நீங்கள் தளபதி, இன்னொரு பக்கம் கணினி தளபதி, நடுவில் ஆறும் மேடும் கோட்டையும். நிஜத்தில் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர்கள் அங்கே உட்கார்ந்து யார் யாரை எப்படிச் சுடுவது என்று பொழுதுக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே மோட்டார் கொண்டுவந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரி மேலே பார்ப்பார்கள்.

குருவின் பெயர் பூங்கோதை. எல்லோருக்கும் டீச்சர்.

சீடர் திருமூர்த்தி. மில்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவர். "சாகறதுக்குள்ள ஒரு விளையாட்டாச்சும் பண்ணிப்போடோணுங்க" என்று வந்து சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதியும் நேராகக் கணினிக்குள் போகக் கூடாது. முதலில் மேசை. கல்யாண மண்டபத்திலிருந்து கழித்துக்கட்டிய நீளமான சாப்பாட்டு மேசை அது. அதன்மேல் அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தை விரிப்பார்கள். அட்டைக் காய்களைப் படைகளாக நிறுத்துவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிப் பார்ப்பார்கள்.

சுடுகிறவர் தன் காயைத் தொட வேண்டும். எதிரே இருப்பவரைப் பார்த்து, யாரைச் சுடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பகடையைக் கையில் எடுக்கலாம்.

அடி வாங்கி மனம் உடைந்து ஓடுகிற படையின் காயைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த காய் திருப்பிச் சுடாது. ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் பின்னால் போகும், அவ்வளவுதான்.

திருமூர்த்திக்கு இந்த மேசைமேல் மரியாதை குறைவு. கணினியில் ஒரு கண்சிமிட்டலில் ஆயிரம் ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாமே, இந்த அட்டையை நகர்த்திக்கொண்டு எதற்குப் பொழுதைப் போக்குவது என்று நினைப்பார். நினைப்பாரே தவிரச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

அந்த வருடம்தான் அவருக்கு முதன்முதலாகப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. ஆடுகிறவருக்கு ஏகப்பட்ட படைகள். ஒவ்வொரு படைக்கும் இவனைச் சுடு, அவனைச் சுடு என்று காட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஒரு பொத்தானை அமுக்கினால் படைகளே தங்கள் குறியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேர்வை எழுதும் வேலை.

எழுதத் தொடங்கிய சமயத்தில் டீச்சரின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்தார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்கண்ணா."

பார்த்துக்கொண்டார். வந்த வினையெல்லாம் அதில்தான்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது திருமூர்த்தியின் முகம் சரியில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். தேறிவிட்டார் என்று அவள் சொன்னதும் தலையாட்டினார். அதற்குமேல் பேச்சை வளர்க்கத் தெரியாமல் விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கண்ணா."

"படைகளே குறி பாத்துச் சுடறதை எழுதி முடிச்சுட்டேன். பத்துப் பேருக்கு ஆடிப் பாக்கக் குடுத்தோம். ஜெயிக்குது. ஆளு குறி காட்டி ஆடறதை விடவும் நல்லா ஜெயிக்குது."

"சந்தோஷம்."

"சந்தோஷமில்லீங்க. ஆடினவங்க ஒருத்தருக்கும் புடிக்கலை. ஒருத்தரு போன் பண்ணி, 'ஏனுங்க, உங்க ஆளுங்க இத்தனை கேவலமாச் சண்டை போடறாங்க'ன்னு கேட்டுப்போட்டாரு."

கேவலம் என்ற அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டார். சம்பளக் கணக்கு எழுதிய காலத்தில் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், மெதுவாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கேவலம் என்று யாரும் சொன்னதில்லை. அது அவருக்கு எங்கேயோ போய்த் தைத்திருந்தது.

"அப்படி என்ன பண்றாங்க, நம்ம ஆளுங்க?"

"எதிர்ல குதிரைப்படை பாஞ்சு வரும். அதை விட்டுப்போட்டு, தோத்து ஓடறானுகளே, அவனுகளைச் சுடுவாங்க. ஓடறவன் முடிஞ்சா அடுத்து ஓடறவன். நான் எழுதினதை ஒவ்வொரு வரியாப் பாத்துட்டேன். ஒரு தப்பும் இல்லீங்க."

"குறியை எப்படித் தேர்ந்தெடுக்கச் சொன்னீங்க?"

"அடிச்சா விழுகறதுக்கு எத்தனை வாய்ப்பு, அதுக்கு ஒரு புள்ளி. திருப்பி அடிக்க முடியாதவனா இருந்தா, அதுக்கு ஒரு புள்ளி. கூட்டிப் பாத்து, எவனுக்கு அதிகமோ அவனைச் சுடு. நியாயந்தானுங்களே?"

"மேசையில ஆடிப் பாத்தீங்களா?"

திருமூர்த்தி பின்னங்கழுத்தைச் சொறிந்தார். "நேரமில்லீங்க."

டீச்சர் மேசைப் பக்கம் பார்த்தாள். அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சாய்வுப் பலகை ஒன்று வெறுமனே நின்றது. அது அடைக்கலராஜின் இடம். அந்த விளையாட்டுகளுக்கெல்லாம் வரைபடம் வரைகிறவர் அவர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். ஆற்றை வரைந்தால் எந்தக் கரையில் கால் வைத்தால் வழுக்கும் என்று பார்க்கிறவருக்கே தெரியும்.

"அடைக்கலண்ணன் எங்க?"

"அவரு… இப்ப வர்றதில்லீங்க."

"ஏன்? மேலுக்கு முடியலையா?"

"வேலை குறைஞ்சுபோச்சுங்க."

 அவள் காப்பியைக் குடிக்கவில்லை. காத்திருந்தாள். திட்டுகிறவர்களிடமிருந்து தப்பிக்க ஆயிரம் வழி இருக்கிறது. காத்திருக்கிறவர்களிடம் ஒரு வழியும் கிடையாது.

திருமூர்த்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினார்.

விளையாட்டை வாங்கி வெளியிடுகிறவர்கள் அவசரப்படுத்தினார்கள். இத்தனையும் வைத்தால் முடியாது, ஏதாவது ஒன்றை வெட்டுங்கள் என்றார்கள். எதை வெட்டுவது? சத்தங்களைப் போடுகிறவன் கார்மேகம். அவன் பாதி வேலைகூட முடிக்கவில்லை, நியாயமாக வெட்ட வேண்டியது அதைத்தான். ஆனால் கார்மேகம் கத்துவான். அவனுடைய பீரங்கியைவிட அவன் தொண்டைக்குச் சத்தம் அதிகம். கதை எழுதுகிற மணிமொழி கத்தமாட்டாள், ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்பது கேள்வி கேட்பாள். அடைக்கலம் ஒன்றும் கேட்கமாட்டார். மனைவி தவறிப்போன பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அவருடைய மழைக்கால வரைபடங்கள் முழுவதையும் வெட்டினார் திருமூர்த்தி. ஆறு பெருகி, வரப்பு உடைந்து, வழிகள் மாறிப்போகும் வரைபடங்கள். அவற்றை வெட்டிய பிறகு அடைக்கலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

"நேர்ல சொன்னீங்களா?"

"போன்ல மெசேஜ் அனுப்பிச்சேனுங்க."

"என்ன சொன்னார்?"

"'சரிங்க'ன்னு அனுப்பிச்சாரு."

அந்த 'சரிங்க'வைப் பார்த்தபோது தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மட்டும் திருமூர்த்தி டீச்சரிடம் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்து போய், தெருமுனைக் கடையில் இரண்டு வடை சாப்பிட்டிருந்தார். 

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, டீச்சர்" என்று அவசரமாகச் சொன்னார். "நான் கேட்டது படை ஏன் அப்படிச் சுடுதுன்னு."

"ஆமாமா. நீங்க கேட்டதுக்குத்தான் பதில் பாக்கணும்" என்றாள் டீச்சர். "நாளைக்குக் காலையில மேசையைத் துடைச்சு வைங்க."

மறுநாள் காலை திருமூர்த்தி அட்டைப்பெட்டிகளை இறக்கி, மேசையைத் துடைத்து, காய்களை எடுத்து வைத்தார். எதிரே டீச்சர்தான் உட்காரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்த துணியை மறைத்து வைக்க இடம் தேடுகிறவரைப் போலத் திண்டாடினார்.

அடைக்கலராஜ் நின்றிருந்தார். கக்கத்தில் ஒரு வரைபடச் சுருள்.

"டீச்சர் கூப்பிட்டாங்க" என்றார். "ஒரு ஆட்டம் ஆடோணும், எதிர்ல ஆளில்லைன்னாங்க."

"வாங்க… உக்காருங்க… காப்பி?"

"இப்பத்தான் குடிச்சேனுங்க."

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருமூர்த்திக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு மாதமாக அவர் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் முகத்தில் மட்டும் விழிக்காமல் இருந்தால் போதும். அடைக்கலம் வீடு இருக்கும் தெருவைத் தவிர்க்க உழவர் சந்தையைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு சாப்பாட்டு மேசை மட்டும்தான்.

அடைக்கலம் சுருளை விரித்தார். மழைக்கால வரைபடம். வெட்டிப் போட்டவற்றில் ஒன்று. ஓரங்களைத் தன் கண்ணாடிக் கூட்டையும் சாவிக் கொத்தையும் வைத்து நிறுத்தினார்.

டீச்சர் வந்தாள். மேசையின் தலைமாட்டில் நின்றாள்.

"அடைக்கலண்ணா, நீங்க உங்க இஷ்டப்படி ஆடுங்க. திருமூர்த்தியண்ணா, நீங்க பொத்தானை அமுக்கிவிட்ட படை. உங்க இஷ்டத்துக்கு ஆடக் கூடாது. நீங்க எழுதின விதி என்ன சொல்லுதோ, அதைத்தான் சுடணும். புள்ளியை வாய்விட்டுக் கூட்டுங்க. குறியை அவரைப் பாத்துச் சொல்லுங்க."

ஆட்டம் தொடங்கியது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் காய்கள். திருமூர்த்தி குறி சொன்னார், உருட்டினார். அடைக்கலம் உருட்டினார். ஆற்றங்கரையில் அடைக்கலத்தின் துப்பாக்கிக்காரர்கள் அடி தாங்காமல் உடைந்தார்கள். அவர் காயைக் கவிழ்த்து, ஒரு கட்டம் பின்னால் வைத்தார்.

திருமூர்த்தியின் முறை. வலப்பக்கம் அடைக்கலத்தின் குதிரைப்படை பாய்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் தன் காயைத் தொட்டார். புள்ளிகளைக் கூட்டினார். குரல் தானாகவே இறங்கியது.

"கவிழ்ந்த காய்."

"எதுங்க?" என்று கேட்டார் அடைக்கலம். அவருக்கு நிஜமாகவே காதில் விழவில்லை.

"கவிழ்ந்த காயைச் சுடறேனுங்க."

"ஓ" என்றார் அடைக்கலம்.

திருமூர்த்தி உருட்டினார். விழுந்தது. அடைக்கலம் கவிழ்ந்த காயை வரைபடத்திலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த முறை இன்னொரு காய் கவிழ்ந்தது. திருமூர்த்தி மறுபடியும் கூட்டினார். மறுபடியும் அதே பதில் வந்தது. சொன்னார். உருட்டினார். எடுத்து வைத்தார்கள்.

அதற்கடுத்த முறை திருமூர்த்தி தன் காயைத் தொட்டு, சத்தமாக, "குதிரைப்படை!" என்றார்.

"புள்ளி?" என்று கேட்டாள் டீச்சர்.

"இல்லீங்க, குதிரை கிட்ட வந்துட்டுது, அதனால…"

"அது உங்க விதியில இல்லையேண்ணா. கூட்டுங்க."

கூட்டினார். பின்னால் ஆற்றுக்குள் இறங்கித் தப்பிக்கப் பார்க்கும் கவிழ்ந்த காய்க்குத்தான் அதிகம். சொல்லாமலே பகடைப் பக்கம் கையை நீட்டி, இழுத்துக்கொண்டார்.  எதிரே அடைக்கலம் பொறுமையாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மாணவனின் தடுமாற்றத்தைப் பார்த்துப் பழகியவராக.

"தண்ணில இறங்கினதுங்களா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்க."

"உங்க விதிப்படி பாத்தா இன்னொண்ணு இருக்குங்களே" என்று விரலை நீட்டிக் காட்டினார் அடைக்கலம். "இதோ, மேட்டுக்கு இந்தப் பக்கம். அது கவிழ்ந்து, பாதி ஆளும் போய்ட்டாங்க. அதுக்கு இன்னும் அதிகமா வரும், பாருங்க."

அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று திருமூர்த்தி தேடிப் பார்த்தார். இல்லை. ஆட்டத்தில் எதிராளி ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் எடுத்துச் சொல்லும் நல்ல ஆட்டக்காரரின் குரல்தான் அது. காது மடல் சுட்டது. நாற்காலியோடு சேர்ந்து கீழே காயில் கடைக்குள் விழுந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அதுதானுங்க" என்றார். உருட்டினார். அதுவும் விழுந்தது.

அடைக்கலத்தின் கைப்பக்கத்தில் கவிழ்ந்த காய்கள் குவிந்தன. மேசைமேல் அவருடைய நிமிர்ந்த காய்கள் கிட்டத்தட்ட அப்படியே நின்றன. ஆனாலும் வீழ்த்திய காய்களின் கணக்குப்படி ஆட்டம் திருமூர்த்தி பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அதுதான் கொடுமை. தோற்றிருந்தால் விதி முட்டாள்தனமானது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"டீச்சர்" என்றார் திருமூர்த்தி. "ஒரு வரி சேத்துட்டாப் போதுங்க. கவிழ்ந்த காயைச் சுடக் கூடாது. நிமிஷ வேலை."

"சேத்துக்கங்க" என்றாள் டீச்சர். "சேத்துட்டு ஆடுங்க."

திருமூர்த்திக்கு மூச்சு வந்தது. உற்சாகமாகக் கூட்டினார். நடுவிலேயே அவர் குரல் நின்றுவிட்டது.

"என்னண்ணா?"

"தண்ணி வண்டி வருதுங்க."

வரைபடத்தின் ஓரத்தில், அடைக்கலத்தின் படைக்குத் தண்ணீர் சுமந்து வரும் மாட்டு வண்டி ஒன்று நின்றது. திருப்பி அடிக்க அதனிடம் ஒன்றுமில்லை. அடித்தால் நிச்சயம் விழும்.

"அதையும் கூடாதுன்னு ஒரு வரி?" என்றாள் டீச்சர்.

"அப்புறம்…" திருமூர்த்தி வரைபடத்தின் மேல் கண்ணை ஓட்டினார். வெடிமருந்து தீர்ந்துபோன துப்பாக்கிக்காரர்கள். அதற்கப்புறம், வழி தவறித் தனியாக நிற்கும் ஈட்டிக்காரர்கள். ஒன்றைத் தடுத்தால் அவருடைய படை அடுத்த ஏமாளியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை வரி சேர்த்தாலும் தேடுகிற கண் அதே கண்தான்.

பகடையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேனுங்க" என்றார், யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்று இல்லாமல். "நம்ம விதிப் புத்தகத்துல கவிழ்ந்த காயைச் சுடக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. தேடிப் பாத்துட்டேன். ஆனா இந்த மேசையில ஒருத்தரும் சுட்டு நான் பாத்ததே இல்லை. அது ஏனுங்க?"

டீச்சர் அடைக்கலத்தைப் பார்த்தாள். 

"அதை நான் யோசிச்சதே இல்லீங்க" என்றார். "எதிர்ல ஆளு உக்காந்திருக்காங்கல்ல. வாய்விட்டு வேற சொல்லோணும். கூச்சமா இருக்கும்."

கீழே யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். அது உறுமி அடங்கியது.

திருமூர்த்தி இப்போதுதான் அடைக்கலத்தின் முகத்தை நேராகப் பார்த்தார். மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. தன் வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்தைதான் இருக்கிறது, அதைக் கடந்து போக முடியாமல் கட்டைவிரலால் மெசேஜ் தட்டி ஒரு மனிதரின் வேலையைத் தின்றிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"அடைக்கலம்" என்றார். "உங்களை அனுப்பினேனில்லீங்களா. அது நீங்க வேலை சரியாப் பண்ணலைன்னு இல்லீங்க."

"அப்படிங்களா?"

"கார்மேகம் கத்துவான்னு பயம். மணிமொழி கேள்வி கேக்குமேன்னு பயம். நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான் உங்களை…"  மேசைமேல் குவிந்திருந்த காய்களைக் கையால் காட்டினார். "இதே கணக்குத்தானுங்க. இதே புள்ளி. நான் வேற எதையும் பாக்கலை."

அடைக்கலம் அந்தக் காய்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து நிமிர்த்தினார். பிறகு மறுபடியும் கவிழ்த்து வைத்தார்.

"மன்னிச்சுப்போடுங்க" என்றார் திருமூர்த்தி.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அந்தக் குரலை அதுவரை அந்த மாடியில் யாரும் கேட்டதில்லை. சத்தமாக இல்லை. ஆனால் கார்மேகத்தின் பீரங்கி இதன் கிட்டவே வராது.

"நீங்க 'சரிங்க'ன்னுதானுங்களே அனுப்பிச்சீங்க…"

"வேற என்னத்தை அனுப்பறது? ராத்திரி சோத்துல கை வெச்சிருக்கேன். போன் மினுக்குது. எடுத்துப் பாத்தா ரெண்டு வரி. மழைக்கால மேப்பு வேண்டாம், நாளைலருந்து வர வேண்டியதில்லை. அந்த ரெண்டு வரிகிட்ட என்னத்தைப் பேசறது? எழுந்து நின்னு சட்டையைப் புடிக்கலாம்னா அங்க சட்டை போட்ட ஆளு யாரிருக்கா?" அடைக்கலம் கண்ணாடியைக் கழற்றினார்.  "நீங்க மட்டும் நேர்ல வந்து இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் உங்ககிட்டச் சண்டை போட்டிருப்பேன். நல்லாப் போட்டிருப்பேன். இந்த ஆறு பெருகாம இந்த விளையாட்டுல என்ன எழவு இருக்குன்னு கேட்டிருப்பேன். என்னை அந்தச் சண்டையைக்கூடப் போட விடலையே நீங்க."

திருமூர்த்தி தலை குனிந்துகொண்டார். இந்த மனிதரை அவர் அமைதியானவர் என்று நினைத்திருந்தார். பலவீனமானவர் என்றுகூட, மனசுக்குள் ஒரு மூலையில். ஒரு மாதமாக ஒரு முழுச் சண்டையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஆள் தூங்கி எழுந்திருக்கிறார், அது தெரியாமல் தான் வடை தின்றிருக்கிறோம். வெட்கம் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதைத் துடைக்கவும் கூசினார்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"டீச்சர், என்னாலே இங்க உக்கார முடியலீங்க" என்றார். "மேப்பையெல்லாம் திரும்பப் போட்டுர்றேன். வெளியிடறவங்ககிட்ட நானே பேசிக்கறேன். நான் கிளம்பறேனுங்க. அவரு முன்னாடி இதுக்குமேல எப்படி உக்காந்திருக்கறது? நீங்களே சொல்லுங்க, நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

 டீச்சர் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அதை அடைக்கலத்தின் பக்கம் போடவில்லை. மேசையின் தலைமாட்டிலும் போடவில்லை. திருமூர்த்தியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில், அடைக்கலத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். திருமூர்த்தியின் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்கன்னு விட்டுட்டுப் போனவ நான்" என்றாள் அடைக்கலத்திடம். "ஆரம்பிங்கண்ணா. அந்தச் சண்டையை இப்பப் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டோம்."